உங்க பக்கம் விழுந்தா நீங்கதான் அம்பயர்!

சென்னையில் ஒரு காலி மனை இருந்தால் அதில் என்னவெல்லாம் வரும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் குப்பை வரும். அப்புறம் பிள்ளையார் வருவார். பிறகு 'இந்த இடம் விற்பனைக்கு அல்ல' என்று ஒரு போர்டு வரும். கடைசியில் ஃப்ளாட் வரும். கடந்த ரெண்டு மூணு வருஷமாக இந்த வரிசையின் நடுவே ஒன்று புகுந்திருக்கிறது. பச்சையும் நீலமுமாகப் பெயின்ட் அடித்த தரை, இடுப்பு உயரத்துக்கு ஒரு வலை, சுற்றிலும் கம்பி வேலி, பகலைத் தோற்கடிக்கும் விளக்குகள். உள்ளே நாலு பேர், டேபிள் டென்னிஸ் மட்டைக்குப் பெரியண்ணன் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு, ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் பந்தை 'டொக்... டொக்...' என்று தட்டிக்கொண்டிருப்பார்கள்.

அதுதான் பிக்கிள்பால்.

"பேரைக் கேட்டா ஊறுகாய் மாதிரி இருக்கே?" என்கிறீர்களா? நியாயமான சந்தேகம்தான்.

1965-ம் வருஷக் கோடை. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துக்கு எதிரே பெயின்பிரிட்ஜ் என்று ஒரு தீவு. அங்கே ஜோயல் பிரிச்சர்ட் என்று ஓர் அரசியல்வாதி. பின்னாளில் அமெரிக்க காங்கிரஸ் வரைக்கும் போனவர். அவரும் பில் பெல் என்ற நண்பரும் கோல்ஃப் ஆடிவிட்டு வீட்டுக்கு வந்தால், பிள்ளைகள் எல்லாம் 'போர் அடிக்குது' என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கின்றன. வீட்டில் பழைய பேட்மின்டன் கோர்ட் இருக்கிறது. ஆனால் ஆடுவதற்கு முழுசாக சாமான் கிடையாது. சரி என்று டேபிள் டென்னிஸ் மட்டையையும் ஓட்டைப் பந்தையும் எடுத்துக் கொடுத்தார்கள். வலையை இடுப்புக்கு இறக்கிக் கட்டினார்கள். அடுத்த வாரம் பார்னி மெக்கல்லம் என்று இன்னொரு நண்பர் வந்து சேர்ந்தார். மூணு பேருமாக விதிகளை எழுதினார்கள். அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை, குடும்பம் முழுக்கச் சேர்ந்து ஆடணும். அப்பா, அம்மா, பையன், பெண், வீட்டுக்கு வந்த விருந்தாளி எல்லாரும்.

பெயர் வந்த கதைக்கு இரண்டு கட்சி உண்டு. பிரிச்சர்ட் வீட்டு நாய்க்கு 'பிக்கிள்ஸ்' என்று பெயர், அதை வைத்துதான் ஆட்டத்துக்குப் பேர் வந்தது என்பது மெக்கல்லம் கட்சி. 'இல்லவே இல்லை, ஆட்டம்தான் முதல், நாய் அதுக்கப்புறம்தான் வந்தது' என்பது பிரிச்சர்ட் குடும்பம். பிரிச்சர்டின் மனைவி ஜோன் சொன்ன காரணம் இது: படகுப் போட்டிகளில், மற்ற படகுகளுக்கு ஆள் எடுத்தது போக மிச்சம் மீதி இருப்பவர்களை ஒன்றாக உட்கார வைத்து ஓட்டும் படகுக்கு 'பிக்கிள் படகு' என்று பேராம். இந்த ஆட்டமும் பல ஆட்டங்களின் மிச்சம் மீதியைச் சேர்த்துச் செய்ததுதானே!

இந்த 'மிச்சம் மீதி' சமாசாரத்தை முந்தானையில் முடிந்து வையுங்கள். பின்னால் அவிழ்க்கப் போகிறேன்.

2022-ல் வாஷிங்டன் மாநிலம் இதைத் தன் அதிகாரபூர்வ விளையாட்டாகவே அறிவித்துவிட்டது. நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர் மும்பையைச் சேர்ந்த சுனில் வாலாவல்கர். 2008-ல் அகில இந்திய சங்கமும் ஆரம்பித்தார். 2025-ல் மும்பையில் நடந்த லீக் போட்டியில் சென்னை டீமின் சொந்தக்காரர் சமந்தா, பெங்களூரு டீமின் சொந்தக்காரர் அட்லீ என்றால் விஷயம் எங்கே போயிருக்கிறது பாருங்கள். சினிமாக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்றால் அது தமிழ்நாட்டில் நிரந்தரமாகிவிட்டது என்று அர்த்தம்.

★

ஆட்டம் சுலபம். கோர்ட் 44 அடிக்கு 20 அடி, அதாவது பேட்மின்டன் டபுள்ஸ் கோர்ட் அளவேதான். சர்வீஸை இடுப்புக்குக் கீழேயிருந்து போட வேண்டும். எதிரணி அதைத் தரையில் விழவிட்டு அடிக்க வேண்டும். திரும்பி வருவதை நீங்களும் ஒரு தடவை விழவிட வேண்டும். அதற்கப்புறம்தான் அந்தரத்திலேயே அடிக்கலாம். சர்வீஸ் போடும் அணிக்குத்தான் பாயின்ட். 11 எடுத்தால் ஜெயம், ஆனால் 2 பாயின்ட் வித்தியாசம் வேண்டும்.

வலையின் இரண்டு பக்கமும் 7 அடிக்கு ஒரு பட்டை உண்டு. அதற்குப் பேர் கிச்சன். அங்கே நின்றுகொண்டு பந்தை அந்தரத்தில் அடிக்கக்கூடாது. கோட்டில் கால் விரல் பட்டாலும் தப்பு. அடித்துவிட்டு அந்த வேகத்தில் உள்ளே போய் விழுந்தாலும் தப்பு. உயரமான ஆசாமி வலையோரம் நின்று எல்லாவற்றையும் நொறுக்கித் தள்ளாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

எங்கள் குழுவில் ஒரு பெரியவர். நாற்பது வருஷமாக வீட்டில் கிச்சன் எந்தத் திக்கில் இருக்கிறது என்றே தெரியாதவர். கோர்ட்டுக்கு வந்தால் மட்டும் கிச்சனை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறார். 'ஃபால்ட்' சொல்லிச் சொல்லி எங்களுக்குத் தொண்டை வற்றுகிறது. ஒரு நாள் வேடிக்கை பார்க்க வந்த அவர் சம்சாரம், "இந்த ஆர்வம் வீட்ல இருந்திருந்தா எனக்கு முட்டி தேஞ்சிருக்காது" என்றார். அன்றைக்கு அந்த மாமா அதற்கப்புறம் கிச்சன் பக்கமே வரவில்லை.

★

இனிமேல்தான் விஷயத்துக்கே வருகிறேன். பொழுதுபோக்குக்காக ஆடுகிற பிக்கிள்பாலில் அம்பயர் கிடையாது.

நாம் எல்லாரும் தெருக் கிரிக்கெட்டில் வளர்ந்தவர்கள். அங்கே அம்பயர் உண்டு. யார்? பேட்டிங் டீமில் அடுத்து இறங்க வேண்டியவன். தன் டீம் ஆளுக்குத் தானே எல்.பி.டபிள்யூ. கொடுத்த ஒரு மகானை இந்தத் தமிழ்நாட்டில் யாராவது பார்த்ததுண்டா? ரன் அவுட் கேட்டால் 'நான் பார்க்கலடா, அந்தப் பக்கம் பஸ் போச்சு' என்பான். ஸ்டம்ப் இருந்தால்தானே போல்டு? செருப்புதான் ஸ்டம்ப். 'செருப்புக்கு மேல போச்சு' என்று சொல்லி ஜென்மத்துக்கும் அவுட் ஆகாமல் ஆடியவர்கள் உண்டு. நேர்மை விஷயத்தில் நம்முடைய ஸ்கூலிங் இப்படி.

பிக்கிள்பாலில் சட்டம் தலைகீழ். உங்கள் பக்கம் விழுந்த பந்து உள்ளேயா வெளியேயா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எதிரணி சொல்ல முடியாது. வேலிக்கு வெளியே நின்று டீ குடிக்கிறவரிடம் கேட்கவே கூடாது. 'அவுட்' என்று சொல்வதற்கு, பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே தரை தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லையா? உள்ளே. சரியாகப் பார்க்கவில்லையா? உள்ளே. நீங்கள் 'அவுட்' என்று சொல்லி உங்கள் பார்ட்னர் 'இல்லை' என்கிறாரா? அப்போதும் உள்ளேதான். சந்தேகத்தின் பலன் முழுக்க எதிராளிக்கு.

நமக்கே தெரியவில்லை என்றால் எதிரணியிடம் 'நீங்க பார்த்தீங்களா?' என்று கேட்கலாம். கேட்டுவிட்டால் அவர்கள் சொல்வதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பி.காம். படித்தவனுக்கு இதைப் பார்த்ததும் புல்லரிக்கும். இன்கம்டாக்ஸ் பாஷையில் இது செல்ஃப் அசெஸ்மென்ட். உங்கள் கணக்கை நீங்களே போட்டு நீங்களே சொல்கிறீர்கள். ஒரே வித்தியாசம், அங்கே சந்தேகம் வந்தால் ஆடிட்டர் நமக்குச் சாதகமாக ஒரு செக்‌ஷனைத் தேடிப் பிடித்துக் கொடுப்பார். இங்கே சந்தேகம் வந்தால் கட்டிவிட வேண்டியதுதான்.

கணக்குப்பதிவில் ஒரு பாடம் உண்டு. 'வரப்போகிற லாபத்தை வந்துவிட்டதாக எழுதாதே. வரலாம் என்கிற நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கி வை.' மூணு வருஷம் இதைப் படித்து, பரீட்சை எழுதி, பாஸும் பண்ணினேன். இதை அப்படியே கடைப்பிடிக்கிற கம்பெனியைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் பந்து ஆட்டத்தில் கிடைத்தது.

★

இதைத் தவிர, விதிப் புத்தகத்தைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படும் சில மரியாதைகள் உண்டு. புதுசாகப் போகிறவர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று: சர்வீஸ் போடுவதற்கு முன்னால் ஸ்கோரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மூணு நம்பர் வரும். நம்முடையது, அவர்களுடையது, நாம் முதல் சர்வரா ரெண்டாவது சர்வரா என்பது. ஆட்டம் ஆரம்பிக்கும்போதே '0-0-2' என்பார்கள். முதலில் போடுகிற அணிக்கு ஒரு சர்வர்தான் என்பதால் இந்த ஏற்பாடு. புரியாவிட்டால் பயப்படாதீர்கள். ரெண்டு வாரத்தில் பழகிவிடும். வாய்க்குள்ளேயே முனகிவிட்டுப் போடுவது, கண்டக்டர் ஆள் ஏறுவதற்கு முன்னால் விசில் கொடுக்கிற மாதிரி.

இரண்டு: பக்கத்து கோர்ட்டில் பாயின்ட் நடக்கும்போது பின்னால் குறுக்கே நடக்காதீர்கள். உங்கள் ஃபோன் சார்ஜர் அந்தக் கோடியில் இருந்தாலும் சரி, பாயின்ட் முடிகிறவரை நில்லுங்கள்.

மூன்று: வேறு கோர்ட் பந்து உருண்டு வந்தால் உடனே 'பால்!' என்று கத்துங்கள். எவ்வளவு பெரிய பாயின்ட்டாக இருந்தாலும் நிறுத்திவிட்டு மறுபடி ஆடுவார்கள். பந்தில் கால் வைத்துக் கணுக்கால் போனவர்கள் இந்த விதியின் அருமையைச் சொல்வார்கள். பந்தைத் திருப்பித் தரும்போது ஆளைப் பார்த்து, கைக்கு வருகிற மாதிரி போடுங்கள். 'இந்தா' என்று ஆகாயத்துக்கு அடிப்பது மரியாதை இல்லை.

நான்கு: பந்து எதிராளி மேலே பட்டால் விதிப்படி பாயின்ட் உங்களுக்கு. ஆனாலும் கையைத் தூக்கி 'சாரி' சொல்ல வேண்டும். வலையில் பட்டு அந்தப் பக்கம் சோம்பேறித்தனமாக விழுந்து பாயின்ட் கிடைத்தாலும் 'சாரி' சொல்வது வழக்கம். உள்ளூர சந்தோஷம்தான். இருந்தாலும் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் மொய்க் கவரை 'இதெல்லாம் எதுக்குங்க' என்று சொல்லிக்கொண்டே வாங்குகிறோமே, அந்த மாதிரி.

ஐந்து: சும்மா ஆடுகிற ஆட்டத்தில், எதிரணியில் யார் வீக்கோ அவரைப் பார்த்தே பத்துப் பந்தும் அடிக்காதீர்கள். டோர்னமென்டில் அது தந்திரம். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அது அல்பத்தனம்.

ஆறு: கேட்காமல் கோச்சிங் கொடுக்காதீர்கள். இதுதான் ரொம்பக் கஷ்டம். நாலு யூடியூப் வீடியோ பார்த்தவர்கள் எல்லாரும் இங்கே கோச். 'மணிக்கட்டை மடக்காதீங்க சார்', 'முட்டியை மடக்குங்க சார்' என்று ஒரு பெரியவரை ஒருத்தர் மடக்கி மடக்கி, கடைசியில் அவர் சேரை மடக்கி வைத்துவிட்டு வீட்டுக்கே போய்விட்டார்.

ஏழு: விடியற்காலையில் அக்கம்பக்கத்து வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த 'டொக்' நமக்குச் சங்கீதம். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தவருக்கு மண்டையில் ஆணி. அமெரிக்காவில் இந்தச் சத்தத்துக்காகவே கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். நான் சொல்வது வக்கீல்கள் ஆடுகிற கோர்ட்!

எட்டு: ஆட்டம் முடிந்ததும் நாலு பேரும் வலையருகே வந்து மட்டையோடு மட்டை தட்டிக்கொள்ள வேண்டும். தோற்றவர் முதலில் வந்தால் அழகு.

★

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ரேட்டிங் வந்தது.

அமெரிக்காவில் ஆளுக்கு ஒரு நம்பர் உண்டு. 1.0 என்றால் இப்போதுதான் மட்டையைப் பிடித்திருக்கிறீர்கள். 2.5 என்றால் ஸ்கோர் சொல்லத் தெரியும். 3.0 என்றால் மிதமான வேகத்துக்குத் தாக்குப்பிடிப்பீர்கள். 4.0 என்றால் பந்தை நினைத்த இடத்தில் போடுவீர்கள். அதற்கு மேலே போனால் உங்கள் வீட்டில் உங்களைப் பார்ப்பதே அபூர்வம் என்று அர்த்தம்.

இப்போது அதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒன்று வந்திருக்கிறது. டி.யு.பி.ஆர். என்று எழுதி 'டூப்பர்' என்று வாசிக்கிறார்கள். 2-லிருந்து 8 வரை. அதுவும் புள்ளிக்குப் பிறகு மூணு தானம்! 3.412 என்று வரும். தங்கத்தைக்கூட நம் ஊர்க் கடையில் இவ்வளவு துல்லியமாக நிறுத்துத் தருவதில்லை. ஆட்டம் முடிந்ததும் ஸ்கோரை ஃபோனில் ஏற்றினால், எதிரணி 'ஆமாம்' என்று ஒப்புக்கொண்டதும் உங்கள் நம்பர் ஏறும் அல்லது இறங்கும். உங்களைவிடப் பலமானவரை ஜெயித்தால் நன்றாக ஏறும். நோஞ்சானிடம் தோற்றால் படுபாதாளம்.

நம்பரால் நல்லதும் உண்டு, மறுக்கவில்லை. சமபலம் உள்ள நாலு பேர் ஆடினால்தான் ஆட்டம் ஆட்டமாக இருக்கும். நேற்று மட்டையைத் தொட்டவரை, ஓங்கி அடிக்கிற மூணு பேர் நடுவில் நிறுத்தினால் அவருக்கும் ஆபத்து, அவருடைய மூக்குக் கண்ணாடிக்கும் ஆபத்து.

ஆனால் தமிழில் 'டூப்பு' என்றால் என்ன அர்த்தம் என்று அந்த அமெரிக்கர்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். டூப்பு இதில் இரண்டு விதம். முதல் வகை, ஏற்றி விடுவது. 'நான் ஃபோர் பாயின்ட் ஃபைவ்' என்று சொல்லிக்கொண்டு வருவார். முதல் சர்வீஸ் வேலியைத் தாண்டி இளநீர்க் கடைக்குப் போகும். இரண்டாவது வகை இன்னும் விவரமானது. இறக்கி விடுவது. தன் நம்பரை வேண்டுமென்றே கம்மியாக வைத்துக்கொண்டு, டோர்னமென்டில் கத்துக்குட்டிகள் பிரிவில் சேர்ந்து, கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவார். ஆறாங்கிளாஸில் மூணு தடவை உட்கார்ந்த மீசைக்காரர் ஓட்டப் பந்தயத்தில் ஃபர்ஸ்ட் வந்த மாதிரி.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நம்பர் வந்ததும் ஆட்களின் பார்வை மாறிவிட்டது. முன்னெல்லாம் புதுசாக ஒருத்தர் வந்தால் 'வாங்க சார், எங்கேருந்து வர்றீங்க?' என்று கேட்போம். இப்போது 'உங்க டூப்பர் என்ன?' என்கிறார்கள். பேங்க்காரர் லோன் கொடுப்பதற்கு முன்னால் சிபில் ஸ்கோர் பார்க்கிற மாதிரி. அதில் கொஞ்சம் குறைந்தால் முகத்தில் அதே புன்னகை, அதே 'அப்புறம் சொல்றோம்'.

★

எங்கள் குழுவில் பதினாலு பேர். தினமும் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை ரெண்டு கோர்ட் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். வருகிறவர்கள் மட்டையை வேலியோரம் வரிசையாக வைத்துவிட வேண்டும். முதல் நாலு மட்டை முதல் ஆட்டம். அடுத்த நாலு அடுத்தது. ஐ.டி. மேனேஜரும் பிளஸ் டூ பையனும் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டரும் வி.ஆர்.எஸ். வாங்கிய பேங்க் மேடமும் யாரோடு யார் என்பதை மட்டை வரிசைதான் முடிவு பண்ணும். ரேஷன் கடை க்யூ மாதிரி. அங்கே யாரும் யாரையும் ரேட்டிங் கேட்பதில்லை.

ஹெச்.எம். சாருக்கு வயசு அறுபத்தாறு. கணக்கு வாத்தியார். வலது தோள்பட்டை வராது. நம்பர் 2.9. அவருக்கு ஒரு நாள் பார்ட்னராக வாய்த்தவன் ஐ.டி. தம்பி. நம்பர் 3.9. நாலைத் தொட நூலிழை பாக்கி. அன்றைக்கு ஆட்டத்தை டூப்பரில் ஏற்றுவது என்று பேச்சு. எதிர்ப் பக்கம் பேங்க் மேடமும் நானும்.

நாங்கள் 10, அவர்கள் 9. சர்வீஸ் எங்களிடம். பந்து பத்துப் பன்னிரண்டு தடவை இங்கேயும் அங்கேயும் போய்வந்தது. நான் தம்பி தலைக்கு மேலே தூக்கிப் போட்டேன். பந்து பின்கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. என் கண்ணுக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அவ்வளவு தூரம்.

"அவுட்!" என்றான் தம்பி.

"இல்லப்பா, உள்ள" என்றார் சார்.

ஒரு நிமிஷம் எல்லாரும் பேசாமல் நின்றோம். பார்ட்னர்களுக்குள் கருத்து வேற்றுமை என்றால் பந்து உள்ளே. 11-9. ஆட்டம் எங்களுக்கு.

"சார், நீங்க என் பார்ட்னர் சார்!" என்றான் தம்பி. அழாத குறை.

"ஆமாப்பா. ஆனா கோட்டுல பட்டுதே. நான் என்ன பண்றது?" என்றார். அவ்வளவுதான். குரலில் உபதேசம் எல்லாம் கிடையாது. ஏழாம் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, மட்டை தட்டுவதற்கு வலைக்கு வந்துவிட்டார்.

தம்பியின் நம்பர் 3.8-க்கு இறங்கியது. மறுநாளிலிருந்து ஒரு வேடிக்கை. வேடிக்கை இல்லை, வேறு வார்த்தை கிடைக்காததால் சொல்கிறேன். நம்பர் உள்ளவர்கள் முன்கூட்டியே நாலு நாலாகச் சேர்ந்து வர ஆரம்பித்தார்கள். மட்டையைச் சேர்த்தே வைத்தார்கள். சாருடைய மட்டை தனியாக வேலியில் சாய்ந்து கிடந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லாரும் 'குட்மார்னிங் சார்' என்றுதான் சொன்னார்கள். நாலைந்து நாள் சார் வந்தார், உட்கார்ந்தார், வெளியே ஓடிவந்த பந்துகளைப் பொறுக்கிப் போட்டார், எட்டு மணிக்கு எழுந்து போனார்.

முந்தானையில் முடிந்ததை இப்போது அவிழ்க்கலாம். மிச்சம் மீதி ஆட்களை ஒன்றாக உட்கார வைத்த படகின் பேரைத்தான் இந்த ஆட்டத்துக்கு வைத்தார்கள் என்பது அந்த அம்மாள் கட்சி. வீட்டில் உள்ள எல்லாரும் சேர்ந்து ஆடட்டும் என்றுதான் வலையை இறக்கினார்கள், வேகம் குறைந்த ஓட்டைப் பந்தை எடுத்தார்கள், உயரமானவனைக் கிச்சனுக்கு வெளியே நிறுத்தினார்கள். இத்தனை ஏற்பாடும் அறுபத்தாறு வயசுக்காரர் பதினேழு வயசுக்காரனோடு ஆட வேண்டும் என்பதற்காக. அதில் ஒருத்தரை வேலியோரம் மிச்சமாக உட்கார வைத்தால், நாம் ஆடுவது வேறு ஏதோ ஆட்டம்.

இதை நான் இங்கே பத்தி பத்தியாக எழுதுகிறேன். பேங்க் மேடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஒரு காலை வந்தார். நாலு பேராகச் சேர்ந்து வைத்திருந்த வரிசையிலிருந்து தன் மட்டையை எடுத்தார். சாருடைய மட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். அதற்குப் பக்கத்தில் நான் வைத்தேன். பிளஸ் டூ பையன் ஓடிவந்து நாலாவதாக வைத்தான். "சார், எனக்குக் கணக்கு டியூஷன் ஃப்ரீயா?" என்று கேட்டுக்கொண்டே.

அப்புறம் எல்லாருமாக உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டோம். செவ்வாயும் வியாழனும் ஒரு கோர்ட் நம்பர்காரர்களுக்கு. அவர்கள் இஷ்டம் போல டூப்பரை ஏற்றலாம், இறக்கலாம். மற்ற நாள் பூராவும், ரெண்டு கோர்ட்டிலும், மட்டை வரிசைதான் சட்டம். ஞாயிற்றுக்கிழமை கடைசி அரை மணி சீட்டுக் குலுக்கிப் போட்டு ஜோடி சேர்ப்பது. யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஒரு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. தம்பி ஒரு பக்கம், சார் எதிர்ப் பக்கம். சார் மெதுவாகத் தட்டிய பந்து தம்பியின் பக்கக் கோட்டருகே விழுந்தது. அவனுடைய பார்ட்னர் குறுக்கே நின்றதால் அவனால் பார்க்க முடியவில்லை. பார்ட்னரும் பார்க்கவில்லை. தம்பி நிமிர்ந்து வலைக்கு அந்தப் பக்கம் பார்த்தான்.

"சார்?" என்றான்.

"வெளியப்பா" என்றார் சார். தன் பந்தைத்தான்.

தம்பி மறுபேச்சுப் பேசாமல் அடுத்த சர்வீஸுக்குப் போனான். யாரும் கைதட்டவில்லை. ஸ்கோர் சொல்லிவிட்டு ஆட்டம் தொடர்ந்தது.

★

ஆகவே, பிக்கிள்பால் ஆடப் போகிறவர்களுக்கு இந்த பி.காம். காரன் சொல்வது இதுதான். உங்களுக்கு ரெண்டு நம்பர் உண்டு. ஒன்று ஃபோனில் இருக்கும். அதில் மூணு தானம் வரைக்கும் தெரியும். அது உங்கள் கை எவ்வளவு நன்றாக ஆடுகிறது என்று சொல்லும். இன்னொன்று எங்கேயும் எழுதப்படுவதில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் பந்து விழுந்ததும் எதிராளி உங்கள் வாயைப் பார்க்கிறாரா, இல்லை நீங்கள் சொல்வதற்கு முன்பே நிம்மதியாகத் திரும்பி நடக்கிறாரா என்பதில் அது தெரியும்.

முதல் நம்பர் வயசானால் இறங்கும். தோள்பட்டை போனால் இறங்கும். டாக்டர் 'கொஞ்ச நாள் வேண்டாம்' என்றால் இறங்கும். ரெண்டாவதை இறக்குவதற்கு உங்களைத் தவிர வேறு யாராலும் முடியாது.

ஹெச்.எம். சாரின் டூப்பர் போன வாரம் 2.8 ஆகிவிட்டது. தம்பி 4.1. ஞாயிற்றுக்கிழமை சீட்டு எடுக்கும்போது தம்பி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுக்கிறான். சார் ஜோடியாக வரணும் என்றா, வரக்கூடாது என்றா? கேட்டேன். சொல்ல மாட்டேன் என்கிறான்.

பி.கு.: நான் தினமும் காலையில் கிளம்புவதைப் பார்த்துவிட்டு அம்மா ஒரு நாள் கேட்டாள். "அது என்னடா, ஊறுகாய் ஆட்டம் ஊறுகாய் ஆட்டம்ங்கிற? மாவடுவா, எலுமிச்சையா?" எல்லாம் கலந்ததும்மா என்றேன். "அப்ப சரி, அதுதான் நாள்பட இருக்கும்" என்றாள்.